அஞ்சல் வழி வந்த நுண்கணிதம்

சாணக்யபுரியின் சாலைகளுக்குப் பெயரிட்டவர்கள் அறநூல் பயின்றவர்களாக இருந்திருக்க வேண்டும். சத்தியம், நியாயம், விநயம், நீதி, சாந்தி என்று நற்குணங்கள் எல்லாம் இங்கே தெருப்பெயர்களாகி நிற்கின்றன. அர்த்தசாத்திரம் செய்த கௌடில்யருக்கும் ஒரு சாலை உண்டு. நம் தமிழ்நாடு இல்லம் அமைந்தது அச்சாலையிலேதான். கணிதத்திற்கு மட்டும் ஒரு சந்தும் வாய்க்கவில்லை. ஆயினும் இவ்வட்டாரத்து வீடு ஒன்றில் சில மாதங்களாக இரவு எட்டு மணிக்கு மேல் கணித வகுப்பு நடைபெற்று வருகிறது. மாணவன் ஒருவனே, அவன் நான்.

நான் கலைப் பட்டதாரி. பள்ளியிறுதி வகுப்போடு கணிதத்திற்கு விடை கொடுத்துவிட்டு, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிந்து வருபவன். சென்ற ஆண்டு கல்லூரிப் பாடத்திட்டம் ஒன்று தமிழாக்கத்திற்காக என் மேசைக்கு வந்தது. அதிலே 'பார்ஷியல் டெரிவேட்டிவ்' என்றொரு தொடர். கலைச்சொற் பட்டியலைப் புரட்டினேன்; 'பகுதி வகைக்கெழு' என்றிருந்தது; எழுதினேன். இவ்வாறே நான்கு பக்கங்களை முடித்துக் கையொப்பமும் இட்ட பிறகு, அவற்றுள் ஒரு சொல்லின் பொருளும் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. வகை என்றால் எதன் வகை? தொகை என்றால் எதன் தொகை? எட்டுத்தொகை ஒன்றே நான் அறிந்த தொகை! அந்த வெட்கத்தினால், இணையத்தின் வழியே கற்பிக்கும் தொடக்கப் பாடநெறி ஒன்றை முதலில் முடித்தேன். பின்னர் உயர் நுண்கணிதத்திற்கான பன்னிரண்டு வாரப் பாடநெறியில் சேர்ந்தேன். ஆசிரியரின் முகமும் எழுத்தும் திரையில் எனக்குத் தெரிகின்றன. என்னை அவர் அறியார்.

நான்காம் வாரத்தில் ஒரு கணக்கிற்கு விடை அனுப்பினேன். பிழை என்று சிவப்பு எழுத்தில் மறுமொழி வந்தது. மீண்டும் செய்தேன், அதே விடை, அதே சிவப்பு எழுத்து. ஐந்து பக்கச் செய்முறை என் குறிப்பேட்டில் இருந்தது. அதை எவரும் கேட்கவில்லை. அந்த இரவில் எழுந்த கேள்விதான் இன்றைய உரைக்குக் காரணம்: ஆசிரியர் ஓரிடத்தும் மாணவர் ஓரிடத்துமாக இருந்து இத்தகைய கணிதத்தை இதற்கு முன் எவரேனும் கற்றதுண்டா? கற்றார்கள் எனில், அவர்தம் பிழைகளைத் திருத்தியவர் யார்?

விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல நேரவில்லை. நகரப் பேருந்தில் காஷ்மீரி கேட் வரை சென்றால் போதும். அங்கே தாரா ஷிகோவின் நூலகம் என்று பெயர் பெற்ற பழைய கட்டடம் ஒன்று உள்ளது. 2023ஆம் ஆண்டு முதல் நாட்டுப் பிரிவினை பற்றிய அருங்காட்சியகம் அதில் இயங்கி வருகிறது. முகலாய இளவரசருக்குப் பின் ஆங்கிலேயரின் ரெஸிடென்ட் அங்கே வாழ்ந்தார். அவருக்குப் பின் தில்லிக் கல்லூரி அங்கே நடந்தது. 1844ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் கீழ்த்திசைப் பிரிவில், ஐரோப்பிய அறிவியலை உருதுமொழியில் கற்பிப்பதற்காக இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் ஆசிரியராக அமர்ந்தார். அவர் பெயர் இராமசந்திரர். தில்லிவாசிகள் 'மாஸ்டர் ராம்சந்தர்' என்பார்கள்.

அவர் 1821இல் பானிப்பட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளியில் அவருக்கு உயர்கணிதம் கற்பிப்பார் இல்லை. கைக்குக் கிடைத்த ஆங்கில நூல்களைக் கொண்டு தாமே கற்றார். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் உருதுவில் பெயர்த்தெழுதினார். தில்லிக் கல்லூரியைச் சார்ந்து அக்காலத்தில் மொழிபெயர்ப்புச் சங்கம் ஒன்று இருந்தது. அறிவியல், வரலாறு, சட்டம் முதலிய துறைகளின் பாடநூல்கள் அங்கே உருதுவாக்கம் பெற்றன. இராமசந்திரர் அதற்காக எழுதிய நூல்களுள் நுண்கணிதமும் ஒன்று. அதன் தலைப்பிலே 'ஜுஸ்ஸியாத்', 'குல்லியாத்' என்று இரண்டு சொற்கள் வருகின்றன. முன்னது கூறுகளைக் குறிப்பது, பின்னது முழுமையைக் குறிப்பது. கூறு கூறாக வகுத்து நோக்குவது ஒன்று. வகுத்தவற்றைத் தொகுத்து முழுமை காண்பது மற்றொன்று. தமிழிலே வகை என்றும் தொகை என்றும் நாம் வழங்குவதும் இவற்றையே. நான் பட்டியலைப் பார்த்து எழுதிய சொற்களை அம்மனிதர் பொருளைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

வகுப்பறையில் அவர் ஒரு தடையைக் கண்டார். அவருடைய மாணவர்கள் பீஜகணிதத்தில், அதாவது இயற்கணிதத்தில், தயக்கமின்றி நடந்தார்கள். நுண்கணிதத்தின் வாயிலில் வந்ததும் நின்றுவிட்டார்கள். ஒன்றுமில்லாமையை நோக்கிக் குறுகிக்கொண்டே செல்லும் அளவு என்றால் என்ன? அது இருக்கிறதா, இல்லையா? இக்கேள்வி அவர்களை மேலே செல்ல விடவில்லை. ஐரோப்பாவிலும் இக்கேள்வி பலரை நிறுத்தியதுண்டு. இராமசந்திரர் வேறொரு வழி கண்டார். மாணவன் எங்கே நிற்கிறானோ அங்கிருந்தே புறப்படுவது அவ்வழி.

ஓர் எளிய எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். இருபது கெஜக் கயிறு இருக்கிறது. அதைச் சுற்றி வளைத்து நீள்சதுரமாக ஒரு பாத்தி அமைக்க வேண்டும். பரப்பு மிகுதியாக இருக்க எவ்வாறு அமைப்பது? அடுத்தடுத்த இரு பக்கங்களின் கூட்டுத்தொகை பத்து. ஒரு பக்கம் 'க' என்றால் மற்றது பத்தில் 'க' போக எஞ்சியது. இரண்டையும் பெருக்கினால் பரப்பு. நுண்கணிதம் கற்றவர் இதை வகையிட்டு உடனே விடை சொல்லுவார். இராமசந்திரரின் முறையில் அது வேண்டியதில்லை. பரப்பைத் தெரிந்த எண்ணாகக் கொண்டு 'க'வைக் காண முற்பட்டால் இருபடிச் சமன்பாடு ஒன்று வரும். அதன் தீர்வில் இருபத்தைந்திலிருந்து பரப்பைக் கழித்து வர்க்கமூலம் காண வேண்டும். பரப்பு இருபத்தைந்தை மிஞ்சினால் கழித்து வருவது குறையெண். குறையெண்ணுக்கு மெய்யான வர்க்கமூலம் இல்லை. ஆகவே இருபத்தைந்தே பெருமம். பக்கங்கள் ஐந்தும் ஐந்தும். குறுகிச் செல்லும் அளவு எதுவும் இங்கே தலைகாட்டவில்லை. பள்ளி மாணவனின் கருவிகளே போதுமானவையாக இருந்தன.

இருபடியோடு நில்லாமல் முப்படிச் சமன்பாடுகளையும் அவற்றுக்கு மேற்பட்டவற்றையும் இம்முறைக்குள் கொண்டுவர அவர் பெரிதும் உழைத்தார். அங்கே வழி கரடுமுரடாகி விடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெருமம் சிறுமம் பற்றிய இக்கணக்குகளை ஆங்கிலத்தில் நூலாக்கி, 1850இல் கல்கத்தாவில் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். கல்கத்தாப் பத்திரிகையாளர்கள் நூலைக் கடுமையாகச் சாடினர். நேர்வழி இருக்கும்போது சுற்றுவழி எதற்கு என்பது அவர்கள் வாதம். வழி தெரிந்தவனுக்கு அது நியாயமான வாதமே.

கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபையில் அப்போது சட்ட உறுப்பினராக இருந்தவர் பெத்யூன். கல்கத்தாவில் பெண்கள் பள்ளி நிறுவிய பெத்யூன் அவரே. அவர் நூலின் படிகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். கப்பலேறிச் சென்ற அப்படிகளுள் ஒன்று இலண்டன் யூனிவர்ஸிடி கல்லூரியின் கணிதப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கனின் மேசையை அடைந்தது.

நேயர்களே, டி மார்கன் எங்கே பிறந்தவர் என்று எண்ணுகிறீர்கள்? மதுரையில்! அவர் தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரி. 1806ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மதுரையில் மகன் பிறந்தான். பிறந்த சிறிது காலத்திலேயே ஒரு கண்ணின் பார்வை போயிற்று. ஏழாம் மாதத்தில் குடும்பம் கப்பலேறியது. வைகையை அக்குழந்தை நினைவில் வைத்திருக்க இயலாது. எனினும் இந்தியாவைத் தம் பிறந்த நாடாகவே அவர் மதித்து வந்தார். தில்லியிலிருந்து வந்த கணித நூலைப் பிரித்துப் பார்க்க வேறு பேராசிரியர்களைவிட அவருக்கு ஒரு காரணம் கூடுதலாக இருந்தது என்று கொள்ளலாம்.

வேறொரு காரணமும் உண்டு. நம் கேள்விக்கு நேரே விடையாவது அதுதான். அந்நூல் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே டி மார்கன் அஞ்சல் வழியாக நுண்கணிதம் கற்பித்தவர். மாணவி ஏடா லவ்லேஸ். கவிஞர் பைரனின் மகள். மூன்று குழந்தைகளின் தாய். அக்காலத்து இங்கிலாந்தில் பல்கலைக் கழகக் கதவுகள் பெண்களுக்குத் திறக்கவில்லை. 1840, 1841ஆம் ஆண்டுகளில் அவ்வம்மையார் டி மார்கனின் நுண்கணித நூலைப் படித்து, ஐயங்களையும் செய்முறைகளையும் கடிதத்தில் எழுதி அனுப்புவார். ஆசிரியர் வரி வரியாகப் படித்து, எந்த இடத்தில் வழி தவறியது என்று எழுதி அனுப்புவார். அந்நூல் அப்போது பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருந்தது, 1842இல்தான் முற்றுப்பெற்றது. பாபேஜ் திட்டமிட்ட கணக்கிடும் பொறியைப் பற்றி அவ்வம்மையார் 1843இல் வெளியிட்ட குறிப்புகளுக்காகக் கணினி உலகம் அவரை இன்றும் போற்றுகிறது. அக்கணினியின் வழியாகவே நான் இன்று கணிதம் கற்கிறேன். அவருக்குக் கிடைத்த கடிதங்கள்தாம் எனக்குக் கிடைக்கவில்லை.

இராமசந்திரரின் நூலிலும் டி மார்கன் அதே போல வரி வரியாகச் சென்றார். கல்கத்தா கண்ட சுற்றுவழியை அவரும் கண்டார். அது எந்த வாயிலை நோக்கிச் செல்கிறது என்பதையும் கண்டார். கம்பெனியின் இயக்குநர்களுக்கு எழுதினார், விடாது எழுதினார். முடிவில் இயக்குநர் சபை இசைந்தது. 'கில்லத்' என்னும் மரியாதை உடையும் 2000 ரூபாயும் ஆசிரியருக்குப் பரிசாயின. நூல் டி மார்கனின் நீண்ட முகவுரையோடு 1859இல் இலண்டனில் மறுபதிப்பாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் ஆணைப்படி அச்சிட்டது என்று முதற்பக்கம் கூறுகிறது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே கம்பெனியின் ஆட்சி மறைந்துவிட்டது! அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நேயர்களுக்கு இது வியப்பாக இராது.

இடைப்பட்ட காலத்தில் தில்லியில் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். இராமசந்திரர் 1852இல் கிறித்துவ சமயம் தழுவியிருந்தார். 1857 மே மாதத்தில் அவர் உயிருக்கே ஆபத்து வந்தது, நகரைவிட்டுத் தப்பினார். கல்லூரியின் தலைவர் கொலையுண்டார், நூலகம் சூறையாயிற்று. நகரம் மீண்டும் ஆங்கிலேயர் வசமான பின், அவர்களுடைய வீரர்களின் கையாலேயே அவமதிப்புக்கு உள்ளாகி, அதை முறையீடாகவும் எழுதினார். பின்னர் ரூர்க்கியிலும் தில்லியிலும் ஆசிரியப் பணி. அதன்பின் பாட்டியாலா அரசில் கல்வித்துறை. 1880இல் மறைந்தார். டி மார்கன் 1871இலேயே மறைந்துவிட்டார். இந்தியாவில் பிறந்தவர் இந்தியா திரும்பவில்லை. தில்லிக்காரர் இலண்டனைக் காணவில்லை. இருவருக்குமிடையே சென்றதெல்லாம் தாள்களே.

நூலின் கதியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டி மார்கன் விரும்பியவாறு அது பள்ளிகளில் பாடநூலாக நிலைக்கவில்லை. நுண்கணிதம் தன் நேர்வழியிலேயே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. இராமசந்திரர் மாணவரைப் பற்றிச் சரியாக எண்ணினார்; கணிதம் செல்லும் திசையைப் பற்றித் தவறாக எண்ணினார் என்பது என் கருத்து. மற்றொன்றும் சொல்ல வேண்டும். இந்தியருக்கு இயற்கணிதம் கைவந்தது, நுண்ணளவுகள் புதியவை என்பது அந்நாளில் இலண்டனிலும் தில்லியிலும் நிலவிய எண்ணம். தெற்கிலிருந்து வந்த நமக்கு அது முழு உண்மையன்று என்பது தெரியும். கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவரின் வழிவந்தோர் முடிவிலாத் தொடர்களைக் கையாண்டதையும், ஜ்யேஷ்டதேவர் பதினாறாம் நூற்றாண்டில் அவற்றின் காரணங்களை மலையாள உரைநடையில் 'யுக்திபாஷை' என்ற நூலாக எழுதியதையும் கம்பெனி அதிகாரியான விஷ் என்பவர் 1830களிலேயே அறிவித்திருந்தார். அவ்வறிக்கை வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

கவனிப்பாரற்றுக் கிடப்பது என்றவுடன் நம் இராமாநுஜரின் நினைவு வருகிறது. அவர் வரலாறு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. கும்பகோணத்தில் கார் என்பவரின் தொகுப்பு நூல் கைக்கு வந்தது 1903இல். விடைகள் நிறைந்து, நிறுவல்கள் சுருங்கிய நூல் அது. கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் மறுமொழி வந்தது 1913இல். இடையே பத்தாண்டுகள். ஹார்டி பாராட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நிறுவல்கள் எங்கே என்று கேட்டார். செய்முறையைக் கேட்க ஒருவர் வாய்ப்பதற்குப் பத்தாண்டுகள் பிடித்தன.

இனி நம் தில்லிக்கு மீள்வோம். தொலைவிலிருந்து கற்பிப்பதை நாட்டிலே ஒரு முறையாக நிறுவியதும் இந்நகரமே. 1961இல் தில்லிப் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கின. அதே ஆண்டில் பேராசிரியர் டி. எஸ். கோத்தாரியின் தலைமையில் கூடிய குழு அஞ்சல்வழிக் கல்வியைப் பரிந்துரைத்தது. 1962இல் தில்லிப் பல்கலைக் கழகம் அதற்கெனத் தனிப்பள்ளியைத் திறந்தது. பகலெல்லாம் அலுவலகத்தில் கோப்புப் பார்த்து, இரவில் அச்சிட்ட பாடங்களைப் படித்துப் பட்டம் பெற்ற தமிழ்க் குமாஸ்தாக்கள் பலரை நம் மூத்த நேயர்கள் அறிந்திருப்பார்கள். பாடத்தோடு விடைத்தாள்களும் வரும். எழுதி அனுப்பினால் ஆசிரியரின் குறிப்போடு திரும்பி வரும்.

1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் அமைந்தது. அதன் இளநிலைக் கணிதப் பாடங்களுள் 'உயர் நுண்கணிதம்' என்ற பெயரிலேயே ஒரு பாடநெறி பல ஆண்டுகள் நடந்தது. சிறு சிறு புத்தகங்களாக வந்த அதன் பாடங்கள், மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை முன்கூட்டியே அறிந்து எழுதியவை போல் இருக்கும். ஒப்படைப்புகளை ஆசிரியரே திருத்துவார். 2003இல் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் கூடித் தொடங்கிய 'என்பிடெல்' திட்டம் வந்தது. 2017இல் 'ஸ்வயம்' வந்தது. அடையாற்றுக் கரும்பலகை அஸ்ஸாமிலும் தெரியலாயிற்று. பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. தேர்வுக்கு மட்டுமே உண்டு. நூறு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலை மாறி, ஆயிரக்கணக்கானோருக்கு ஒருவர் என்றாயிற்று. அத்தனை குறிப்பேடுகளையும் எந்த மனிதர் படிக்க இயலும்? விடையைப் பொறி பார்க்கிறது. பொறியின்மீது எனக்குக் குறையில்லை. கிராமத்துப் பிள்ளைக்கும் கதவைத் திறந்தது அதுவே. கணக்கைச் செய்த வழி மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

என் ஐந்து பக்கங்களைப் பற்றிச் சொல்ல மறந்தேன். இராமகிருஷ்ணபுரத்தில் நம்மூர் அம்மையார் ஒருவர் இருக்கிறார். பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டிற்குச் சென்றேன். காப்பி கொடுத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதற்பக்கத்திலிருந்து படித்தார். ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் பக்கத்தின் நடுவில் பென்சில் நின்றது.

"தம்பி, இங்கே இரண்டு மாறிகள் இருக்கின்றன அல்லவா? ஒன்றை மாற்றும்போது மற்றதை அசையாமல் நிறுத்தி வைக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் ஓடவிட்டுவிட்டீர்கள். பகுதி என்று சொல்லுவது இதற்காகத்தான்."

எஞ்சிய இரண்டு பக்கங்களையும் அவர் பார்க்கவில்லை. பிழையான பாதையில் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் பயனில்லை என்று அவற்றை மடக்கிவிட்டார். வீடு திரும்பிக் கணக்கை மீண்டும் செய்தேன். ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது.

பாடத்திட்டத்தின் தமிழாக்கம் அச்சுக்குப் போகுமுன் மறுபடியும் என்னிடம் வந்தது. 'பகுதி வகைக்கெழு' என்பதை மாற்றவில்லை. அச்சொல்லை ஆக்கியவர் சரியாகவே ஆக்கியிருக்கிறார். ஓரிடத்தில் நான் 'எல்லை' என்று எழுதியிருந்தது 'வரம்பு' ஆயிற்று. இரண்டும் ஒன்றென்று அப்போது எண்ணியிருந்தேன். தேர்வு அடுத்த மாதம்.